குளிரங்கியும் கொடுத்த விலையும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம்மவர் வழக்கு. வெயில் காயும் நாட்டிலே பிறந்த இவ்வழக்கில் ஆடை என்பது பெரும்பாலும் மானத்தையும் மதிப்பையுமே குறிக்கும். வேட்டியின் வெண்மையைக் கண்டு ஆளை அளந்து பழகியவர்கள் நாம். ஆனால், ஆண்டில் நான்கு மாதங்கள் நிலம் உறைந்து கிடக்கும் நாட்டிலே ஆடைக்கு வேறொரு பொருளும் உண்டு. அங்கே அது மனிதன் தன் மேனியோடு சுமந்து திரியும் ஒரு சிறு வீடு. வீட்டுக்குச் சுவரும் வேண்டும், சன்னலும் வேண்டும். சுவரை மலிவாக எழுப்பிவிடலாம். மழையும் காற்றும் புகாமல், அடுப்புப் புகை மட்டும் வெளியேறும்படி சன்னல் வைப்பதற்கே நல்ல தச்சன் வேண்டும். குளிர்காலத்திலே துவிச்சக்கர வண்டி ஓட்டுவதற்கென்று நான் வாங்கிய ஒரு விலையுயர்ந்த மேலங்கி இவ்வுண்மையை எனக்கு விளக்கிற்று. ‘ஜக்கெற்’ என்று வழங்கும் அந்த அங்கியைப் பற்றியும், அதற்குக் கொடுத்த விலையைப் பற்றியுமே இங்கே எழுதப் புகுகின்றேன்.

வடமராட்சியிலே கணிதம் கற்பித்து வந்த நான், இப்பொழுது கனடாவின் ரொறன்ரோ நகரிலே ஒரு மருத்துவமனையின் சமையற்கூடத்தில் வேலை செய்கின்றேன். நகரின் கிழக்கே, ஸ்காபரோ எல்லையில் என் வீடு. நகரின் நடுவே வேலை. இடையிலுள்ள தூரம் பதினொரு கிலோமீற்றர். காலை ஆறு மணிக்கு அடுப்பு மூட்டப்பட வேண்டும். ஆதலால், நகரத்தார் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் அந்த இருள் வேளையிலே நான் வண்டியை வெளியே எடுக்கின்றேன்.

“பேருந்து இல்லையா?” என்று வாசகர் கேட்கக்கூடும். உண்டு, இரவு முழுவதும் ஓடும் பேருந்தே உண்டு. ஆயினும், துவிச்சக்கர வண்டியைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. 1990களில் பெற்றோலும் மண்ணெண்ணெயும் தடுக்கப்பட்டிருந்த யாழ்ப்பாணத்திலே, ஆசிரியரும் மாணவரும் நோயாளரும் விறகும் நெல்லும் அந்த இரண்டு சில்லுகளின் மேலேதான் ஊர்ந்தன என்பதை அறிந்தவர் அறிவர். அன்று நம்மைக் காத்த வண்டியை, பனி பெய்கிறது என்பதற்காகச் சுவரிலே சாத்திவிடுவதா? நான் மட்டும் இப்படி எண்ணுபவன் அல்லேன். பின்லாந்திலே, வடதுருவ வட்டத்துக்குச் சற்றுத் தெற்கேயுள்ள ஊலு என்னும் நகரிலே சிறுவர் முதல் முதியோர் வரை உறைபனியிலும் வண்டி ஓட்டிச் செல்கின்றனர். குளிர்கால மிதிவண்டியோட்டம் பற்றிய முதலாவது அனைத்துலக மாநாடு 2013ஆம் ஆண்டில் அந்நகரிலேதான் கூடிற்று. ஆகவே, இது பித்தர் செயலன்று. தக்க ஏற்பாடு வேண்டும் ஒரு செயல்.

குளிரின் கணக்கு

தக்க ஏற்பாடு யாது என்று அறிவதற்கு முன் குளிரின் இயல்பை அறிதல் வேண்டும். ரொறன்ரோவிலே தை மாத இரவுகளில் வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே ஆறேழு பாகையில் நிற்பது வழக்கம். பத்துக்கும் பதினைந்துக்கும் கீழே இறங்கும் விடியற்காலைகளும் பல. ஆனால், வண்டியோட்டுபவனுக்கு வெப்பமானி முழு உண்மையைச் சொல்வதில்லை. உடலைச் சூழ்ந்து நிற்கும் மெல்லிய சூட்டுக் காற்றைப் புறக்காற்று அள்ளிக்கொண்டு போவதால், வீசும் வேகத்துக்கு ஏற்பக் குளிரும் மிகுந்து தோன்றும். அண்டார்ட்டிக்காவிலே நீர் உறையும் வேகத்தை அளந்து, சைப்பிள், பாசெல் என்னும் இருவர் 1945ஆம் ஆண்டில் இதற்கு முதன்முதலாக ஒரு கணக்கை வெளியிட்டனர். 2001ஆம் ஆண்டில் கனடாவும் அமெரிக்காவும் அதனைத் திருத்தி, மனித முகத்துக்குப் பொருந்தும் புதிய சூத்திரம் ஒன்றை ஏற்றன.

அச்சூத்திரத்தின்படி, பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகைக் குளிரில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது 17 பாகைக் குளிர்போலத் தாக்கும். காற்று 30 கிலோமீற்றராயின் 20 பாகைபோல. இதிலே வண்டியோட்டுபவனின் நிலை விந்தையானது. அசையாது நிற்கும் காற்றினூடே அவன் 15 கிலோமீற்றர் வேகத்தில் போனால், அந்தக் காற்றை அவனே உண்டாக்கிக்கொள்கிறான். எதிர்க்காற்றும் அதே வேகத்தில் வந்தால் அது இரட்டிக்கின்றது. நடந்து செல்பவனுக்கு இல்லாத ஒரு புயலை அவன் தன் நெஞ்சின் முன்னே தள்ளிக்கொண்டு போகிறான் எனலாம்.

இது கணக்கின் ஒரு பக்கம். மறுபக்கம் இதனினும் சிக்கலானது. வண்டியை மிதிக்கும் மனித உடல் ஓர் இயந்திரம். அதுவும் சிக்கனமில்லாத இயந்திரம். உண்ட உணவின் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே மிதிபலகையைச் சென்றடையும். மற்றைய மூன்று பங்கும் வெப்பமாகிவிடும். ஆகவே, புறப்பட்ட பத்தாவது நிமிடத்திலே குளிர் நெஞ்சைக் குத்தும்போதே முதுகு வியர்க்கத் தொடங்கும். முன்னே மார்கழி, பின்னே சித்திரை!

வியர்வை பொல்லாதது. நம் ஊர் மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதேன்? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் அன்றோ? வியர்வையில் நனைந்த சட்டையும் ஒரு மண்பானையே. அதனுள் இருப்பது நம் உடல். அன்றியும், நீர் காற்றைப்போல வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவதில்லை. இருபது மடங்குக்கு மேற்பட்ட விரைவிலே அதனைக் கடத்திவிடும். மிதிக்கும் வரையில் வெப்பம் பிறந்துகொண்டிருக்கும், கேடு தெரியாது. சிவப்பு விளக்கிலே மூன்று நிமிடம் நின்றால் போதும், முதுகெலும்பின் வழியே பனிக்கட்டி இறங்குவதை உணரலாம். பருத்தி நம் ஊர் வெயிலுக்கு அமிர்தம். ஆயின், குடித்த நீரை விடாது பற்றிக்கொள்ளும் அதன் இயல்பு இங்கே ஆகாது. ஆட்டுரோமமோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பின்னரும் ஈரமாகத் தோன்றுவதில்லை. உள்ளே உடுப்பது ரோமச் சட்டையாக இருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

ஆகவே, குளிர்கால வண்டியோட்டிக்கு வேண்டிய மேலங்கி இரண்டு முரண்பட்ட வேலைகளைச் செய்ய வேண்டும். புறக்காற்றை உள்ளே விடக்கூடாது. உள்ளாவியை வெளியே விட வேண்டும். சூட்டைத் தருவது அதன் முதல் வேலையன்று. சூடு நம் உடலிலேயே பிறக்கின்றது.

நீர் புகாத துணியின் வரலாறு

இந்த முரணைத் தீர்க்க மனிதன் பட்ட பாடு நெடியது. கிளாஸ்கோ நகரத்து இரசாயனவாதியான சார்ள்ஸ் மகின்ரொஷ் 1823ஆம் ஆண்டில், நப்தாவிலே கரைத்த இறப்பரை இரு துணிகளுக்கு இடையே பூசி, மழை புகாத ஆடைக்கு ஆக்கவுரிமை பெற்றார். ஆங்கிலத்தில் மழையங்கிக்கு இன்றும் அவர் பெயர் வழங்குகின்றது. அந்த அங்கி மழையை வெளியே நிறுத்திற்று. வியர்வையை உள்ளே நிறுத்திற்று. சுவருண்டு, சன்னலில்லை. 1879ஆம் ஆண்டில் தோமஸ் பேர்பெரி என்பவர் இங்கிலாந்திலே ‘கபடீன்’ என்னும் துணியை நெய்தார். நெய்த துணிக்குப் பூச்சுப் பூசுவதை விடுத்து, நெய்வதற்கு முன் நூலையே நீர் ஒட்டாததாக்கி, பின்னர் நெருக்கமாக நெய்யும் முறை அது. மூச்சுவிடும் துணி, துருவப் பயணி ஷாக்கில்ரன் போன்றோர் அதனை உடுத்தனர். ஆயினும், பெருமழைக்கு அது ஈடுகொடுக்கவில்லை.

மேல்நாட்டார் இங்ஙனம் தடுமாறுவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே, வடதுருவத்தை அடுத்த கரைகளில் வாழும் மக்கள் இம்முரணைத் தம் வழியிலே தீர்த்திருந்தனர் என்பது எண்ணி வியக்கத்தக்கது. அலாஸ்காவின் யூப்பிக் மக்களும் அலூசியத் தீவினரும் கடல்நாய் முதலியவற்றின் குடலைக் கழுவி, ஊதி, உலர்த்தி, பட்டை பட்டையாக வெட்டித் தைத்து மேலங்கி செய்தனர். கடல் அலை அதனுள் புகாது. உள்வியர்வையோ ஓரளவு வெளியேறும். இனுவிட் மக்களின் கரிபு மான்தோல் ஆடையோ இரட்டை அடுக்குடையது. உள்ளடுக்கின் மயிர் மேனியை நோக்கியும், வெளியடுக்கின் மயிர் புறத்தை நோக்கியும் அமைந்திருக்கும். தளர்வாகத் தொங்கும் அவ்வாடையின் கழுத்தைத் திறந்து சூட்டை வெளியேற்றுவர். உறைபனி நாட்டிலே வியர்ப்பது உயிருக்கு ஆபத்து என்பது அவர்களுக்கு ஏட்டறிவன்று, வாழ்வறிவு. இன்று உலகெங்கும் வழங்கும் ‘அனொராக்’ என்னும் சொல்லும் கிரீன்லாந்து மக்களின் மொழியிலிருந்தே வந்தது.

இக்காலத்து அங்கிக்கு வித்திட்டது 1969ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று. அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்திலே ரொபேட் கோர் என்பவர், ஒட்டாச் சட்டிகளின் பூச்சாக நாம் அறிந்த பொருளைச் சூடாக்கி, மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்தார். அது ஒவ்வொரு முறையும் அறுந்தது. பொறுமையிழந்து சடாரென்று இழுத்தார். அறுவதற்குப் பதிலாக அது பன்மடங்கு நீண்டு, எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட சவ்வாயிற்று. ஒரு சதுர அங்குலத்திலே ஏறக்குறைய 900 கோடி துளைகள் என்பர் அதனைச் செய்வோர். நீர்த்துளி புக முடியாத சிறுமை. நீராவி போகத்தக்க பெருமை. 1970களின் நடுப்பகுதியிலிருந்து ‘கோர்ரெக்ஸ்’ என்னும் பெயரில் அது ஆடையாக வெளிவந்தது. இப்பொழுது இவ்வகைச் சவ்வுகளைப் பல நிறுவனங்கள் பல பெயர்களில் செய்கின்றன. அங்கியின் வெளிப்புறத்தே நீர் ஒட்டாதிருக்கப் பூசிவந்த புளோரின் சேர்வைகள் மண்ணிலும் நீரிலும் அழியாது தங்குபவை என்று கண்ட பின்னர், அண்மைக் காலத்தில் பலர் அவற்றை விலக்கி வேறு பூச்சுகளுக்கு மாறியுள்ளனர்.

கடையிலே

முதலிரண்டு குளிர்காலங்களிலும் நான் உடுத்தது, உறவினர் ஒருவர் அன்புடன் தந்த பஞ்சடைத்த பெரிய அங்கி. தரிப்பிடத்தில் நின்று பேருந்துக்குக் காத்திருப்பவனுக்கு அதைவிடச் சிறந்த துணை இல்லை. வண்டியிலே ஏறினால் அது கொதிகலமாயிற்று. வேலைக்குப் போய்க் கழற்றும்போது உட்சட்டையைப் பிழியலாம். ஆகவே 2025ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், வண்டியோட்டுவோருக்கென்றே உடை விற்கும் கடை ஒன்றுக்குச் சென்றேன்.

விற்பனைக்கு நின்ற இளம்பெண் தானும் குளிர்காலத்தில் வண்டி ஓட்டுபவள். மூன்று அங்கிகளை எடுத்து வைத்தாள். முதலாவது 90 டொலர், பஞ்சடைத்தது. இரண்டாவது 220 டொலர். காற்றை ஒருவாறு தடுக்கும், மழையைத் தடுக்காது. மூன்றாவது 450 டொலர். அதைக் கையிலெடுத்தேன்; நம் ஊர் மழைக்காலச் சட்டை அளவுதான் கனமிருந்தது. என் முகத்தைக் கண்டதும் அவள் சிரித்து, “கடைக்குள்ளே இது உங்களுக்குச் சூடாக இருந்தால் வாங்காதீர்கள், வீதியிலே வெந்துபோவீர்கள். புறப்படும்போது சற்றுக் குளிர வேண்டும், பத்து நிமிடத்தில் சரியாக வேண்டும்” என்றாள்.

பின்னர், கைபிடியைப் பற்றுவதுபோல முன்னே குனிந்து கைகளை நீட்டச் சொன்னாள். நிமிர்ந்து நிற்கும்போது அழகாயிருக்கும் அங்கி, குனிந்தவுடன் முதுகைக் காட்டிவிடுமாம். மணிக்கட்டும் வெளியே வந்துவிடுமாம். இந்த அங்கியின் பின்பக்கம் நீண்டு தாழ்ந்து, இடுப்பை மூடிற்று. கைநுனி கையுறைக்குள்ளே அடங்கிற்று. நெஞ்சிலும் தோளிலும் கையின் முன்புறத்திலும் காற்றுப் புகாத சவ்வு; காற்றுத் தாக்காத முதுகிலோ ஆவி இலகுவிற் செல்லும் மெல்லிய துணி. அக்குள்களின் கீழே ஒரு சாண் நீளத்துக்கு இழுவைப்பூட்டுகள்; வேண்டும்போது திறக்கலாம், மூடலாம். முதுகிலும் கைகளிலும் மோட்டார் வண்டியின் விளக்குப் பட்டால் ஒளிரும் கீற்றுகள். உள்ளே ஒரு ரோமச் சட்டையும் அதன்மேல் ஒரு கம்பளிச் சட்டையும் கொள்ளத்தக்க இடம். பஞ்சு ஓர் இழைகூட இல்லை. சூட்டுக்கு வேண்டியதை நாம் உள்ளே உடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பழைய கம்பளியே போதும். விலை கேட்பது அந்தப் புறத்தோடு ஒன்றுதான்.

விற்பனை வரி நூற்றுக்கு 13. எல்லாமாக 508 டொலர் 50 சதம். நம் நாட்டுப் பணத்தில் அது ஓர் இலட்சம் ரூபாவைத் தாண்டும் என்பதை நான் மறக்கவில்லை. கடல் கடந்து வாழும் எவனும் அந்தப் பெருக்கலைச் செய்யாது பணப்பையைத் திறப்பதில்லை.

வீட்டிலே எழுந்த வழக்கு

அங்கியைக் கண்ட என் மனைவி, அதனை இரு விரல்களால் தூக்கிப் பார்த்தாள். உட்புறத்தை வெளியே புரட்டினாள்.

“இஞ்சேருங்கோ, இதுக்குள்ளை பஞ்சுமில்லை, ஒண்டுமில்லை. வெறுந்துணிக்கோ ஐந்நூறு டொலர்?”

“உள்ளுக்கு ஒண்டும் இல்லாததுக்குத்தான் அந்த விலை.”

“நல்ல நியாயம்! ஊரிலை இந்தக் காசுக்கு ரண்டு புதுச் சைக்கிள் வாங்கலாம்.”

“சைக்கிளுக்குக் குளிராது, எனக்கெல்லே குளிரும்.”

இவ்வாறு தொடங்கிய வழக்கை நான் கணக்கினாலே தீர்க்க முயன்றேன். 2025ஆம் ஆண்டில் ரொறன்ரோவிலே பேருந்துக்கும் சுரங்க இரயிலுக்குமான மாதச் சீட்டு 156 டொலர். மார்கழி தொடங்கிப் பங்குனி முடிய நான்கு மாதங்களுக்கு 624 டொலர். அங்கியோ 508 டொலர் 50 சதம். ஒரே குளிர்காலத்திலே அது தன் விலையைத் தந்து, மேலும் 115 டொலர் 50 சதத்தை மிச்சம் பிடித்துத் தரும். அடுத்த குளிர்காலத்துக்கு அது இனாம். கணக்கைச் செவிமடுத்த அவள், “நீங்கள் ஒருநாள் சறுக்கி விழுந்தால் அந்தச் செலவை எந்த நிரலிலை போடுவியள்?” என்று கேட்டாள். கணிதத்துக்கு அப்பாற்பட்ட வினா. பனிக்குரிய சில்லு, முள்ளுப் பதித்த ரயர், மெதுவாகத் திரும்புதல் என்று சில சமாதானங்களைச் சொல்லிவைத்தேன்.

பாலத்தின் மேல்

மார்கழி நடுவிலே ஒரு விடியற்காலை. பூச்சியத்துக்குக் கீழ் 11 பாகை. டான்போர்த் வீதியிலே 2020ஆம் ஆண்டில் அமைத்த வண்டிப் பாதை வழியே மேற்கு நோக்கிச் சென்றேன். முதற் பத்து நிமிடம் அந்தப் பெண் சொன்னதுபோலக் குளிர்ந்தது. பின்னர் உடல் தன் அடுப்பை மூட்டிக்கொண்டது. கிறீக்கக் கடைகளின் பெயர்ப்பலகைகளைத் தாண்டும் வேளையில் முதுகு வெதுவெதுத்தது. அக்குட் பூட்டுகளை அரைவாசி திறந்துவிட்டேன். குளிர்ந்த காற்று ஒரு கீற்றாக உள்ளே வந்து, வெம்மையை அள்ளிக்கொண்டு போயிற்று. கடுங்குளிரில் ஆவி சவ்வை அடையுமுன்பே அங்கியின் உட்புறத்தில் உறைந்துவிடுவதும் உண்டு. ஆகவே சவ்வை மட்டும் நம்பாது, இடையிடையே இங்ஙனம் திறந்துவிடுதல் அறிவுடைமை.

டான்போர்த் வீதியின் மேற்கு முனையிலே, டொன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலாக ஏறக்குறைய 40 மீற்றர் உயரத்தில் பிரின்ஸ் எட்வேட் பாலம் நிற்கின்றது; 1918ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. இருபுறமும் மரமுமில்லை, வீடுமில்லை. பள்ளத்தாக்கின் வழியே வரும் காற்று அங்கே எவருக்கும் இரங்குவதில்லை. முன்னைய ஆண்டுகளில் வியர்வையோடு அப்பாலத்தில் ஏறியபோதெல்லாம் பல் கிட்டியிருக்கின்றேன். அன்றோ பூட்டுகளை இழுத்து மூடினேன். காற்று அங்கியின் மேலே அடித்ததைக் காது கேட்டது, நெஞ்சு அறியவில்லை. முகமும் விரல்நுனிகளும் குளிரை நன்றாகவே உணர்ந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஓர் அங்கி உலகத்தைத் திருத்திவிடாது. மருத்துவமனையில் அங்கியைக் கழற்றியபோது உட்சட்டை உலர்ந்திருந்தது. ஈரமற்ற சட்டையோடு எட்டு மணிநேர வேலையைத் தொடங்குவது எத்துணைச் சுகம் என்பதை, ஈரத்தோடு தொடங்கியவனே அறிவான்.

காத்து நிற்பவர் குளிர்

இத்துடன் முடிந்திருந்தால் இது நான் ஒருவன் பெற்ற சுகத்தின் கதையாகவே போயிருக்கும். ஆனால், எங்கள் வீட்டின் கீழ்த்தள அறையிலே தென்மராட்சியிலிருந்து படிக்க வந்த மாணவன் ஒருவன் குடியிருக்கின்றான். பகலிலே கல்லூரி, மாலை ஐந்து முதல் இரவு பத்து மணிவரை மிதிவண்டியிலே உணவுப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. ரொறன்ரோவின் உணவகங்களுக்கு முன்னே பனியில் நின்று, கைப்பேசி ஒலிக்கக் காத்திருக்கும் நூற்றுக்கணக்கான இளைஞருள் அவனும் ஒருவன்.

ஒருநாள் என் அங்கியைத் தடவிப் பார்த்து, “இது எவ்வளவு, சேர்?” என்று கேட்டான்.

சொன்னேன். அவன் சிறிதுநேரம் கண்ணை மூடிக் கணக்குப் பார்த்தான்.

“அப்ப நூறு கதவு தட்டவேணும்.”

என் மாணவர் எவரும் இவ்வளவு விரைவாக எனக்கு ஒரு கணக்கைச் செய்து காட்டியதில்லை. நான் டொலரிலும் ரூபாவிலும் அளந்ததை அவன் கதவுகளில் அளந்தான். இவ்வகைத் தொழிலாளருக்கென ஒன்ராறியோ மாகாணத்திலே ஒரு சட்டம் 2025ஆம் ஆண்டு ஆடி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்துள்ளது. பொதி ஒன்றை ஏற்றதிலிருந்து கொடுத்து முடிக்கும் வரையுள்ள நேரத்துக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை அது உறுதி செய்கின்றது. அழைப்பு வரும்வரை காத்து நிற்கும் நேரத்துக்கு அந்த உறுதி இல்லை. மேலே நான் கூறிய உடலியல் கணக்கை வாசகர் இங்கே நினைவுகூர வேண்டும். மிதிப்பவனுக்குச் சூடு பிறக்கும். வியர்வையோடு நிற்பவனையே குளிர் பிடிக்கும். ஊதியமில்லாத நேரமும் உயிர் நடுங்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. நல்ல அங்கி எவனுக்கு மிகவும் வேண்டுமோ அவனுக்கே அது எட்டாத உயரத்தில் தொங்குகின்றது.

“பங்குனியிலை இந்த அங்கியளை அரைவிலைக்குப் போடுவாங்கள், தம்பி. கொஞ்சம் பொறுத்து வாங்கு” என்றேன்.

“பங்குனியிலை விலை குறையும்தான், சேர். ஆனா குளிர் தையிலையெல்லோ வருது.”

அவனுடைய வாக்கியத்திலே பிழை காண என்னால் முடியவில்லை. அன்றிரவு யோசித்தேன். நான் அங்கியை உடுப்பது விடியற்காலை ஐந்து மணிக்கு. வேலை முடிந்து வீடு சேர்வது பிற்பகல் மூன்று மணிக்கு. அவன் புறப்படுவது ஐந்து மணிக்கு. பஞ்சில்லாத அங்கியாதலால் இரண்டு மணிநேரத்திலே அது உலர்ந்துவிடும். கம்பளிச் சட்டைக்கு இடம் விட்டு வாங்கியதாதலால் அவனுடைய மெலிந்த உடலுக்கும் அது பொருந்தும். ஊரிலே ஒரு வீட்டுக்கு ஒரு சைக்கிள் இருந்த காலத்தில், காலையில் தகப்பனும் மாலையில் மகனுமாக ஓடிய வழக்கம் நமக்குப் புதிதா?

மறுநாள் முதல் அவ்வாறே நடக்கின்றது. உறவினர் தந்த பஞ்சங்கியும் வீணாகவில்லை. அவன் அதனைச் சுருட்டிப் பொதிப்பையின் ஓரத்திலே வைத்துக்கொள்கிறான். உணவக வாசலிலே நிற்க நேரும்போது எடுத்து மேலே போர்த்துக்கொள்கிறான். அழைப்பு வந்ததும் மீண்டும் சுருட்டிவிடுகிறான். ஓடும்போது ஒன்று, நிற்கும்போது மற்றொன்று. வாரத்தில் ஒருநாள் அங்கியைத் துவைத்து மெல்லிய சூட்டில் உலர்த்துவது அவன் பொறுப்பு. புதுவகைப் பூச்சு அழுக்குப் படிந்தால் நீரை விலக்காது; துவைத்துச் சூடு காட்டினால் மீண்டும் உயிர்பெறும்.

பணம் தரவேண்டும் என்று அவன் அடம் பிடித்தான். மாதம் ஒருமுறை கீழ்த்தளத்திலிருந்து ஒரு சிறு உறை மேலே வருகின்றது. வாசற்கதவின் ஆணியிலே அந்த அங்கி நாளொன்றுக்கு ஓரிரு மணிநேரமே தொங்குகின்றது. அண்மையில் ஒரு பிற்பகல், நான் கழற்றி மாட்டியதை அவன் எடுத்து உடுத்துக்கொண்டு படியிறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்: “இப்பத்தான் அந்தத் துணி குடுத்த காசுக்குக் கிட்ட வந்திருக்கு.”